உடைந்த சாஸேஜ்

மார்ச் 3, செவ்வாய்

காலை டிரிப் முடித்துப் பள்ளிப் பேருந்தை ஷெட்டில் விட்டுவிட்டு, பால் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனேன். பாலை எடுத்தவள் நேராகப் பணம் கட்டப் போயிருக்கலாம். கால் கேட்கவில்லை. குளிர்பெட்டி முன்னால் போய் நின்றுகொண்டது. சாஸேஜ், சலாமி, ஹாம் – எல்லாம் இளஞ்சிவப்பாக, பளபளவென்று. என் மூச்சில் கண்ணாடி மங்கும்வரை நின்றேன்.

போன மாதம்தான் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "அக்காவுக்குக் குடல்ல கட்டி. உங்களுக்கும் சின்னதா ஒண்ணு இருந்து எடுத்தாச்சு. இனிமே பதப்படுத்தின இறைச்சிப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க." தலையாட்டினேன். ஆட்டும்போதே வாயில் எச்சில் ஊறியது. வெட்கக்கேடு.

பாலோடு மட்டும் வெளியே வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

அக்கா இன்றும் சாப்பிடவில்லை. ஆபரேஷன் முடிந்து என்னோடு வந்து தங்கியதிலிருந்தே இப்படித்தான். சூப் வைத்தால் ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலடி." கட்டு மாற்ற வந்த நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, "சாப்பிடலன்னா திரும்ப அட்மிட் பண்ண வேண்டியதுதான்" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

அந்தக் காலத்தில் சலவைக் கடை மாடியில் எங்கள் ஒற்றை அறை. இரண்டு பேருக்கும் கல்யாண வயது, கல்யாணம் பண்ணத்தான் கையில் எதுவும் இல்லை. அக்காவுக்கு சாஸேஜ் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் வேலை. உடைந்து போனவற்றைச் சனிக்கிழமை சும்மா கொடுத்துவிடுவார்கள். ஞாயிறு காலை வெங்காயத்தோடு போட்டு வறுப்போம். கீழே துணி வேகும் ஆவியில் தரை கதகதவென்றிருக்கும். எண்ணெய் படபடவென்று தெறிக்க, "தள்ளி நில்லு, வெடி வைக்குது" என்பாள். நல்ல துண்டையெல்லாம் என் தட்டில் தள்ளிவிட்டு, "எனக்கு அங்க பாத்துப் பாத்தே வயிறு நிறைஞ்சுடுச்சு."

நம்பினேன்.

அந்தத் தட்டுதான் எங்களை இங்கே கொண்டுவந்து விட்டதா? டாக்டரிடம் கேட்டபோது, "அப்படி ஒண்ணைக் கைகாட்டிச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

மார்ச் 11, புதன்

வாங்கிவிட்டேன். ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்கு அடியில் இருக்கிறது. திருடி!

மார்ச் 14, சனி

அக்கா தூங்குகிறாள் என்று நினைத்துச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வறுத்தேன். வெங்காயம் சிவக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா.

"என்னடி பண்ற?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா வீடே மணக்குது?"

அழுதுவிட்டேன். புத்தி இருக்கா எனக்கு? நோயாளியை வீட்டுல வச்சுக்கிட்டு, எது கூடாதுன்னாங்களோ அதையே –

அவள் திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சலவைக் கடைக்காரர் ஞாபகம் இருக்கா? மோப்பம் பிடிச்சுப் படியேறி வருவாரே, குழாய் ஒழுகுதான்னு பாக்குற சாக்குல." மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தேன். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போதும்டி, தையல் பிரிஞ்சுடும்."

கேட்டே விட்டேன். "நெஜமாவே அப்போ உனக்கு வயிறு நிறைஞ்சிருந்துதா?"

"பைத்தியமா நீ? பசி உயிர் போகும்."

அடுப்பை அணைத்தேன். "அந்த வெங்காயத்தை மட்டும் ரெண்டு கரண்டி போடு" என்றாள். ரொட்டியில் வைத்து மெதுவாக, முழுவதும் சாப்பிட்டாள். நான் சாஸேஜில் ஒரு துண்டு தின்றேன். என்ன ருசி! மறைத்து என்ன பயன்? மீதியை அவளே எழுந்து குப்பையில் கொட்டினாள்.

"நீயும் படுத்துட்டா எனக்கு யாருடி சூப் வைக்கிறது?"

மார்ச் 15, ஞாயிறு

வெங்காயம் மட்டும் வதக்கினேன். சாப்பிட்டாள். சூப்பும் குடித்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

மறுபடியும் அந்தக் குளிர்பெட்டி. ஆசை என்னவோ அப்படியேதான் இருக்கிறது. வாங்கவில்லை. நாளைக்கு எப்படியோ, தெரியாது.

ஏப்ரல் 10, வெள்ளி

மாலை டிரிப் முடித்து வந்தால் வீட்டில் அக்கா இல்லை. பதறிப்போய் ஓடினேன். தெருமுனைக் காய்கறிக் கடையில் நின்று கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் – அடியில் அழுகின தக்காளியை வைத்துக் கட்டிவிட்டாராம். சட்டை இன்னும் தொளதொளவென்றுதான் தொங்குகிறது. குரல் மட்டும் பழைய குரல். என்னைப் பார்த்ததும் பையை நீட்டினாள்.

"வந்துட்டியா? இதைப் பிடி. சீக்கிரம் நட, பசிக்குது."