வெர்டி கட்சியும் வாக்னர் கட்சியும்

4 பிப்ரவரி 1996, ஞாயிறு, மைசூர்

இன்று என் மகள் ரக்ஷாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் ஹ்ருஷிகேஷ், தங்கமான பிள்ளை. ஜாதகம் பொருத்தம், இரண்டு குடும்பமும் தென்கலை, கோத்திரம் வேறு. எல்லாம் சரி. பையனின் அப்பா சம்பத்குமாரன் என் இசைத்தட்டு அலமாரியைப் பார்த்துத் தொலைத்தார்.

"ஆபெராவா! அடியேனும் கேப்பேன் ஸ்வாமி. ஆனா என்னது, அலமாரி முழுக்க வெர்டி? வாக்னர் எங்கே?"

"இந்த ஆத்துல அவருக்கு இடமில்லை" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

போன நூற்றாண்டில் ஒரே வருஷம் பிறந்து இசைநாடகங்கள் எழுதிய ஓர் இத்தாலிக்காரருக்காகவும் ஒரு ஜெர்மன்காரருக்காகவும் இரண்டு வழுக்கைகள் மோதிக்கொண்டன. பஜ்ஜி ஆறிப்போயிற்று. வெர்டியின் மெட்டைத் தெருவில் போகிறவன்கூட இன்றைக்கும் முணுமுணுப்பான், வாக்னரை முணுமுணுத்தால் மூச்சு நின்றுவிடும் என்றேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாக்னரைத் தாண்டித்தான் போகவேண்டும், சினிமாப் பின்னணி இசைகூட அவர் போட்ட பிச்சை என்றார் அவர்.

"ரிசப்ஷன்லே வாக்னரோட கல்யாண மெட்டைத்தான் பேண்டு வாசிக்கணும். லோகமெல்லாம் அதான் வாசிக்கறா."

"அந்த நாடகத்துல மெட்டு முடிஞ்ச கையோட தம்பதிக்குள்ள சண்டை, விடிஞ்சா பிரிவு! என் பொண்ணு கல்யாணத்துல அந்த அபசகுனமா?"

"உம்ம வெர்டியோட கதாநாயகிகள் மட்டும் தீர்க்கசுமங்கலியா? ஒருத்திக்கு க்ஷயரோகம். ஒருத்தி சாக்குமூட்டைக்குள்ள சாகறா. ஒருத்தி உயிரோட சமாதி!"

தாம்பூலம் வாங்காமலே போய்விட்டார்கள்.

5 பிப்ரவரி

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

6 பிப்ரவரி

ரக்ஷா என்னோடு பேசவில்லை. என் சகதர்மிணி ஜயம்மா சாத்தமுதுப் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "ஏன்னா, உங்க வெர்டி வந்து இவளுக்குத் தாலி கட்டுவாரா?"

அவருக்குக் கல்யாணம் ஆகி, காலமும் ஆகிவிட்டதே என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

11 பிப்ரவரி

ரக்ஷா இன்று வாயைத் திறந்தாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருந்ததுப்பா. ஹோக்லி பிடி, விட்டுடு." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன்! கிழவனுக்கு எதற்கு இந்த வீம்பு?

17 பிப்ரவரி

லைப்ரரியில், தெரிந்தவர் யாரும் பார்க்காத மூலையில் உட்கார்ந்து வாக்னரின் கதைகளைப் படித்தேன். ஒன்றிலாவது உருப்படியாக ஒரு கல்யாணம் உண்டா? சாபம், நெருப்பு, வெள்ளம், பிணம். நம்மூர் உபன்யாசகர் பட்டாபிஷேகம் சொல்லாமல் முடித்தால் விடுவார்களா?

கடைசியில் ஒன்று அகப்பட்டது! செருப்புத் தைக்கும் கவிஞர் ஒருவர் தன் ஆசையை விட்டுக்கொடுத்து, பெண் விரும்பிய பையனையே பாட்டுப்போட்டியில் ஜெயிக்க வைக்கிறார். நன்றாகவே எழுதியிருக்கிறார், பாழாய்ப்போன மனுஷர்.

18 பிப்ரவரி

பையன் வீட்டுக்கு, மேல்கோட்டைக்கு பஸ். கதவைத் திறந்தவர் சம்பத்குமாரனேதான். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? பழத்தட்டை நீட்டினேன். "உங்க வாக்னர்கிட்ட மங்களமான கதை ஒண்ணு இருக்கு. ரிசப்ஷன்லே அதையே வாசிக்கச் சொல்றேன்."

தட்டை வாங்கிக்கொண்டார். "உம்ம வெர்டியோட கடைசி நாடகமும் கல்யாணத்துலதான் முடியறது. அன்னிக்கே தெரியும் ஸ்வாமி. சொல்ல மனசு வரலை."

அந்த நாடகத்தில், பெண் ஆசைப்பட்ட கல்யாணத்தைத் தடுக்கப்போய் அசடு வழிகிறவன் அவள் அப்பன். அதை அவருக்கு நினைவுபடுத்த எனக்கும் மனசு வரவில்லை. புளியோதரை போட்டார்கள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

29 மே

கல்யாணம். முறைப்படி ரக்ஷாவை என் மடியில் உட்காரவைத்தார்கள், ஹ்ருஷிகேஷ் தாலி கட்டினான். கெட்டிமேளம் முழங்கும்போது சம்பந்தி என் காதருகே குனிந்து, "இந்தச் சத்தம் வாக்னர்தானே ஸ்வாமி?" என்றார். எனக்கு மேளம் எங்கே கேட்டது? அழுதுகொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

9 ஜூன், ஞாயிறு

குழந்தைகள் டெல்லி போய்ச் சேர்ந்துவிட்டதாக போன் வந்தது. ஹ்ருஷிகேஷுக்கு அங்கேதான் வேலை.

மத்தியானம் சம்பந்தி வந்தார், மேல்கோட்டையிலிருந்து பஸ்ஸில், கனமான வாக்னர் இசைத்தட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு. பிள்ளை போனபின் அவர் வீடும் வெறிச்சென்று கிடக்கிறதாம். தயங்கித் தயங்கி, "ஒண்ணு போடலாமா?" என்றார்.

"போடுங்கோ" என்றேன். "இருக்கறதுலயே நீளமானதாப் பாத்துப் போடுங்கோ."