மச்சான் மூடிக்கொண்ட கை

அக்கா,

இன்று காலை ஓய்வூதியம் வாங்கப் போயிருந்தேன். கை நடுக்கத்தில் என் கையெழுத்து பழையதோடு ஒத்துவரவில்லை. குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளி, பெருவிரலை வைக்கச் சொன்னான். அந்த மையின் வாசனை மூக்கில் ஏறியதும் என் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. இத்தனை பேர் பார்க்க, படித்தவன் கைநாட்டு வைப்பதா என்று கூசிவிட்டது. அங்கேயே உன் வீடு நினைவுக்கு வந்தது.

மச்சான் வாதத்தில் விழுந்து, வலப்பக்கமும் பேச்சும் போன மறுவருடம் அது. குரங்கணிக்கு மேலே அவர் பேரில் இருந்த ஏலக்காய்த் தோட்டம் புதர் மண்டிக் கிடந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் மறுநடவுக்குக் கடன் கிடைக்கவில்லை. தோட்டம் அவர் பேரில் இருக்கும்வரை, மாதாமாதம் அவருக்கு வரும் அரசு உதவித்தொகையையும், சொத்துள்ளவர் என்று சொல்லி எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்று கர்ணம் எச்சரித்திருந்தார். உன் பேருக்கு மாற்றிவிடுவதென்று முடிவு செய்தோம். பத்திரத்தை வரிவரியாக நான்தான் சரிபார்த்தேன்.

சார்பதிவாளர் வீட்டுக்கே வந்தார். பத்திரத்தை வாசிக்க வாசிக்க மச்சான் சரியென்று தலையசைத்தார். பிறகு நீ அவருடைய இடக்கையை எடுத்து மைப்பெட்டிமேல் வைத்தாய். அவர் கையை மூடிக்கொண்டார். நீ விரித்தாய், மறுபடியும் மூடினார்.

வாசலில் நின்ற அவர் தம்பி சிரித்தார். "விடுங்க மதினி. பொண்டாட்டிக்கு எழுதிக் குடுக்க எங்கண்ணனுக்கு மனசு வரல."

விருப்பமில்லாதவரிடம் பதிய முடியாது என்று சார்பதிவாளர் எழுந்து போய்விட்டார். அடுக்களையில் நின்று நீ என்னிடம் சொன்னாய்: "அவுகளுக்கு எம்மேல நம்பிக்க இல்லப்பா. வித்துத் தின்னுருவேன்னு நெனைக்கிறாக."

அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. கர்ணம் சொன்னபடியே உதவித்தொகை நின்றது. நீ ஜீப்பில் மலையேறி அடுத்தவர் தோட்டத்தில் களை வெட்டினாய். மச்சானுக்குக் கஞ்சி ஊட்டுவதில் கடைசிவரை ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் முன்போல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசவில்லை.

அவர் ஏலக்காய் மண்டியில் கணக்கெழுதியவர். பேருக்கடியில் நீளமாக ஒரு வால் இழுத்துக் கையெழுத்துப் போடுவார். சம்பள நாளில் கூலியாட்களிடம், "கட்டவெரல நீட்டு அப்பு, ஒனக்கெதுக்குப் பேனா" என்று கேலி பேசுவார். அப்படிப்பட்டவரைத்தான் ஊர் பார்க்கக் கைநாட்டு வைக்கச் சொன்னோம். அந்த இடக்கையில் ஒரு பேனாவைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோணல்மாணலாகவாவது தன் பேரை எழுதியிருப்பாரோ என்னவோ.

இது என் ஊகம்தான், தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் இப்போது நீ உயிரோடு இருந்திருந்தால், இந்த வயதிலும் பஸ் ஏறி வந்து ஒன்றைச் சொல்லியிருப்பேன். காலையிலிருந்து அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மச்சானுக்கு உன்மேல் குறை எதுவும் இருந்ததில்லை, அக்கா. அந்த மைதான் அவருக்கு ஆகவில்லை.