இரண்டு நாட்டுக்கும் சேராத ஊரின் முத்திரை

மார்ச் 12, வியாழன்

காலையிலிருந்து தூறல். இவருடைய வெள்ளைச் சட்டை அயர்ன் பண்ணியாச்சு. சனிக்கிழமை ஆகன் நகரில் தபால் முத்திரை சேர்க்கிறவர்களின் கூட்டம். இவர் பத்து நிமிடம் பேசுகிறார். அதுவும் எஸ்பெராண்டோவில்! எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கிய மொழி. பஸ் டிப்போவில் ஓய்வு நேரத்தில் இருந்து இருந்து படித்தது, மூன்று வருடம். குளியலறைக்குள் ஒத்திகை.

பேச்சு இவருடைய செல்ல ஊரைப் பற்றித்தான். ஆகனுக்குப் பக்கத்தில், நூறு வருடத்துக்கு மேல் ஜேர்மனிக்கும் சேராமல் பெல்ஜியத்துக்கும் சேராமல் கிடந்த துண்டு நிலம். துத்தநாகச் சுரங்கம் இருந்ததால் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே எஸ்பெராண்டோவை ஊர்மொழியாக்கப் பார்த்தார்களாம். 'அமிகெயோ' என்று பெயரும் வைத்தார்களாம். நட்பின் இடம். சொந்தமாக முத்திரைகூட அடித்தார்கள். கொஞ்ச நாளிலேயே தடை. அதனால் அசல் கிடைப்பது அருமை.

ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. இவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் மாதக்கணக்காய்த் தேடிப் பிடித்தது.

மார்ச் 13, வெள்ளி

நான் வேலை செய்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் இன்று மீன். கை இன்னும் மணக்கிறது.

மகள் போன். "அம்மா, அப்பா கதைக்கிறது ஆருக்கு விளங்கும்?" விளங்குகிற ஆட்களும் வருவார்கள் என்றேன். எனக்கும் பயம்தான். முப்பது வருடமாய் நாலு பேர் முன்னால் ஜேர்மன் பேசாத மனுசன்.

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன், ஏன் அந்த ஊர் என்று. "ஜேர்மனிக்கு வந்த புதுசில என்ர அகதிப் பேப்பரில எந்த நாடு எண்ட இடத்தில 'தெளிவில்லை' எண்டு எழுதி இருந்தது. அந்த ஊர்ச் சனம் என்ர சொந்தக்காரர் மாதிரி."

"அப்ப நான் தந்த முத்திரையையும் கொண்டு போங்கோவன்."

"வேண்டாம். வீட்டில இருக்கட்டும்."

இவர் தூங்கிய பிறகு அரை இருட்டில் அதை ஆல்பத்திலிருந்து உருவிச் சின்ன உறையில் போட்டு, என் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

ரயில் தாமதம். தேவாலய மண்டபம், பழைய மரக் கதிரைகள், பதினேழு பேர். முதல் இரண்டு வசனத்தில் இவர் தடுமாறினார். பிறகு ஓடியது. நடுவில் போன் என்று சைகை காட்டிவிட்டு நான் எழும்பி வெளியே போய்வந்தேன். ஒரு கிழவர் சிரித்தார். விளங்கித்தான் சிரித்தார்!

பிறகு நான் செய்த வேலை. முத்திரையை எடுத்து, அங்கே முத்திரை அசலா என்று சோதிக்கிற ஒரு அம்மாவிடம் நீட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார்: "நாஹ்ட்ரூக்." பின்னாளில் அடித்த மறுபதிப்பு. அசல் இல்லை.

முகம் எரிந்தது. இவர் பக்கத்தில் வந்து ஜேர்மனில் சத்தமாகச் சொன்னார், "தெரியும். முத்திரையின்ர ஓரத்துப் பல்லு வெட்டுப் பிழை."

தெரியுமாம். இரண்டு வருடமாக!

ஸ்டேசனில் கேட்டேன். "ஏன் சொல்லேல்லை?"

"தந்திட்டு நீர் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டனீர். எப்பிடிச் சொல்லுறது?"

"பிறகு?"

"பிறகு பிந்திப் போச்சு."

எங்கள் ஊர் எசன் வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பியபடி.

மார்ச் 15, ஞாயிறு

வெயில். இடியப்பம், சொதி. கோபத்திலும் சொதி நன்றாய் வந்தது.

முத்திரையைக் கிழித்துப் போடத்தான் கைப்பையிலிருந்து எடுத்தேன். அதற்கு முன் அது இருந்த இடத்தைப் பார்க்க ஆல்பத்தைத் திறந்தேன். வெள்ளி இரவு அவசரத்தில் உருவியபோது எதையும் வாசிக்கவில்லை. ஒவ்வொரு முத்திரைக்கும் கீழே ஜேர்மனில் குறிப்பு. அந்த வெறும் இடத்துக்குக் கீழே மட்டும் தமிழில், பென்சிலால்: "போலி. சகுந்தலா தேடித் தந்தது. மாற்றக்கூடாது."

திரும்ப அந்த இடத்திலேயே வைத்தேன்.

தேத்தண்ணியோடு போய்க் கேட்டேன். "வேற என்ன மறைச்சனீங்கள்?"

கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னார். "நீலச் சட்டை இறுக்கம். உம்மட தங்கச்சியின்ர கேக் எனக்குப் பிடிக்காது. நீர் என்ன மறைச்சனீர்?"

நேற்று இவர் பேச்சின் நடுவில் நான் எழும்பி வெளியே போனது போன் வந்ததால் இல்லை என்றேன். போன் வரவில்லை. அழுகை வந்தது.