‘எல்’ எழுத்து வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் ஆசி கேட்டு எல்வியா எழுதுகிறேன். இருமல் குறைந்ததா? இந்தக் கீத்தோ நகரத்துக் குளிர் எனக்குப் பழகிவிட்டது. நலமாக இருக்கிறேன்.

நேற்று ஒரு கூத்து. சந்தை வாசலில், இந்தப் பிச்சிஞ்சா மாகாணத்து ‘பி’ எழுத்து வண்டிகளுக்கு நடுவே, எண்பலகையில் நம் லோஹா மாகாணத்து ‘எல்’ எழுத்தோடு ஒரு வண்டி நின்றது. தக்காளிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். முட்டியில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான்.

“அண்ணே, லோஹால எந்தப் பக்கம்?” என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

ஓட்டுநர் சிரித்துவிட்டார். “அந்தப் பக்கமே போனதில்லம்மா. பழைய வண்டியா வாங்கினேன். எங்க ஓடினாலும் மொதல்ல பதிஞ்ச மாகாணத்து எழுத்துதானாம், மாத்த மாட்டாங்களாம்.”

“மாத்தாதீங்கண்ணே.”

“சரிம்மா, மொதல்ல தக்காளியப் பொறுக்கு. மிதிச்சிடப் போறாங்க!”

கொஞ்சம் காப்பித்தூள் அனுப்புங்கள், அப்பா. தபாலில் வேண்டாம், நம் ஊர்ப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள். நான் முன்னதாகவே நிலையத்துக்குப் போய் நிற்பேன். வழியில் வண்டியைக் கழுவிவிட வேண்டாமென்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுதியோடே வரட்டும்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார்.

உங்கள் எல்வியா