எந்த வண்டி என்று கேட்டீர்களே

அன்புள்ள வாயாடியின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய கார் புத்தகம் வந்து சேர்ந்தது. அந்தக் கம்பெனி புதிதாக விட்டிருக்கும் மூன்று செடான் வண்டிகளையும் நேரில் பார்த்து, எது நமக்குத் தோதுப்படும் என்று சொல்லச் சொன்னீர்கள். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் மகள் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

ஷோரூம் பக்கம்தானே, நாற்காலியைத் தள்ளிக்கொண்டே அவளையும் கூட்டிப் போனேன். புத்தகத்தில் டிக்கி அளவை லிட்டரில் போட்டிருக்கிறான். சக்கர நாற்காலியை எப்படி லிட்டராக்குவது? வீட்டிலேயே அதை மடக்கி, என் தையல் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போனேன். சேல்ஸ்மேன் அகலம் கேட்டார். பார்த்தால் சுற்றளவு எடுத்து வைத்திருக்கிறேன்! நாள் முழுக்க ஜாக்கெட் தைக்கிற கை, நாற்காலிக்கும் இடுப்பளவு எடுத்துவிட்டது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். நம் பெண் சிரிக்கவில்லை.

சின்ன வண்டியில் சீட்டும் நாற்காலியும் ஒரே உயரம். இரண்டுக்கும் நடுவே பலகை போட்டால் அவளே நகர்ந்து உட்கார்ந்துவிடுவாள். ஆனால் பின்கதவு முழுசாகத் திறப்பதில்லை, நாற்காலியை ஒட்டி நிறுத்த வழியில்லை. நடு வண்டியின் டிக்கி உள்ளே தாராளம், வாய்தான் குறுகல். நாற்காலியின் சக்கரத்தைக் கழற்றினால் போகுமாம். கொட்டுகிற மழையில் ஆஸ்பத்திரி வாசலில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் ஸ்பேனரோடு நிற்க வேண்டும், நல்ல யோசனை! பெரிய வண்டியில் நாற்காலி அலுங்காமல் போய்ப் படுத்துக்கொண்டது. கதவும் அகலம். இதுதான் என்று மனசுக்குள் முடிவே பண்ணிவிட்டேன்.

ஆனால் அதில் சீட் தாழ்வு. அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்துவிட்டேன், வெளியே எடுக்க முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. உங்களிடம் சொல்லவில்லை, கொஞ்ச நாளாகவே அப்படித்தான். கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் இன்னும் கைக்குழந்தையா? என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். சேல்ஸ்மேன் கை கொடுக்க வந்ததும், "வேணாம் அங்கிள், வேணாம்" என்று ஒடுங்கிக்கொண்டாள். வயசுப் பெண்ணை யார் வேண்டுமானாலும் தூக்கிவிட முடியுமா? கூட்டிப் பெருக்குகிற அம்மாவைத் தேடிப் பிடித்து அழைத்து வரும்வரை, விற்பனைக்கு வைத்த வண்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர் போனவர் எல்லாரும் பார்த்தார்கள். நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

கால் பயிற்சிக்குப் போயே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. டாக்ஸிக்காரர்கள் நாற்காலியைக் கண்டதும் நழுவிவிடுகிறார்கள். இப்படியே விட்டால் முழங்கால் இறுகிவிடும், அப்புறம் அவளை நிற்க வைப்பதே கஷ்டம் என்கிறார் பயிற்சி தருகிற அம்மா. கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒண்டி ஆளாக நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

விபத்து நடந்த அன்றைக்கு நம் பழைய காரை ஓட்டியது நீங்கள். அதை நான் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை, இப்போதும் அதற்காக எழுதவில்லை. அவள் காலைப் பார்க்கத் தாங்காமல்தான் அவ்வளவு தூரத்து வேலையைத் தேடிப் பிடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்பவர்களிடம் சம்பாதிக்கப் போயிருக்கிறார் என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு அது தெரியாதே! வாயாடி வாயாடி என்று நாம் கொஞ்சிய பெண் இப்போது கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள். ஷோரூமிலிருந்து வந்து கட்டிலில் சாய்த்தபோதுதான் தானாக வாய் திறந்தாள். "அன்னைக்கு நான்தானேம்மா பின்னாடி உக்காந்து தொணதொணன்னு அப்பாவைக் கூப்பிட்டுக்கிட்டே வந்தேன்? அதனாலதானே அவர் திரும்பிப் பார்த்தாரு? அந்தக் கோபத்துலதான் வர மாட்டேங்கிறாரா?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். "நீ சும்மா சொல்றே" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சின்னதோ பெரியதோ, வண்டி உங்கள் இஷ்டம். வாங்காவிட்டாலும் போகிறது, எப்படியாவது சமாளிப்பேன். இந்த ஒன்றை மட்டும் என்னால் சமாளிக்க முடியவில்லை. நான் சொல்லி அவள் நம்பவில்லை, போனில் நீங்கள் சொன்னாலும் நம்ப மாட்டாள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நல்லபடியாகப் புறப்பட்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்
மனைவி