சோம்பேறி என்று சொன்னது நான்தான்

ஆகஸ்ட் 9, சனி
எல்கடுவைத் தோட்டத்தில் விடியும் முன்பே தூறல். சுற்றுலா போன சீகிரியா மலையில் மண்டையைப் பிளக்கிற வெயில். முன்பள்ளிப் பிள்ளைகள், அப்பா அம்மாமார், எல்லோரும் ஒரே பஸ்ஸில். டீச்சர் என்பதால் பொறுப்பெல்லாம் என் தலையில். புளிச்சோறு பத்தவில்லை. தண்ணீரும்.

பாதிப் படியில் இவர் உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் இரண்டும் பிடிக்கிறதாம். "கொஞ்சம் நின்னு வாறேன் செல்வி, நீ போ." கிழவிகள்கூட ஏறிப் போகிறார்கள். எனக்கு வெட்கம். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "இவரு இப்படித்தான். மேட்டைக் கண்டாலே கால் வலி. சுத்த சோம்பேறி." சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். மகள் கவியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் மேலே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்
மழை. துணி ஒன்றும் காயவில்லை. காலையில் இவருக்குத் தலைவலி. மூக்கில் இரத்தம். வெயில் சூடு என்றேன். வேலைக்குப் போகச் சொன்னதும் நான்தான். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை இறக்கும் வேலை. அங்கே போய் மறுபடி இரத்தம், நிற்கவேயில்லையாம். ஆட்டோவில் மாத்தளைக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் எக்கச்சக்கம். முப்பத்து நாலு வயதில்! வார்டில் வைத்துக்கொண்டார்கள். கவி பக்கத்து வீட்டில்.

ஆகஸ்ட் 12
டொக்டர் இளம்பெண். சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் இடப்பக்கம் நீளத் தழும்பு.

"அஞ்சு வயசுல கொழும்புல ஆப்பரேஷன் பண்ணாங்க டொக்டர். நெஞ்சிலேருந்து கீழ போற பெரிய ரத்தக் குழாய் சுருங்கி இருந்துச்சாம். அதெல்லாம் அப்பவே சுகமாயிருச்சு."

கல்யாணத்துக்கு முன் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மாமியார் உயிரோடு இருந்தவரை இவரைக் கிளினிக்குக் கூட்டிப் போனாராம். அதன்பின் இல்லை. நானும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

டொக்டர் கையில் பிரஷர் பார்த்தார். பிறகு காலில். காலிலும் பார்ப்பார்கள் என்றே எனக்குத் தெரியாது. கையில் அவ்வளவு ஏற்றம், காலில் மிகக் குறைவு. பாதத்தில் விரல் வைத்து நாடியைத் தேடிக்கொண்டே இருந்தார்.

"தைச்ச இடம் திரும்பச் சுருங்கியிருக்கலாம். சின்ன வயசுல சரி பண்ணினாலும் ஆயுசு முழுக்கப் பாத்துக்கிட்டே இருக்கணும். காலுக்கு ரத்தம் பத்தல போல. நடக்கிறப்ப வலிச்சிச்சா?"

இவர் என்னைப் பார்த்தார். "பெரிசா ஒன்னும் இல்லீங்க."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். பொறுக்க முடியவில்லை. நானே சொன்னேன். "மேடு ஏறினா கெண்டைக்கால் பிடிக்கும் டொக்டர். நின்னா விட்டுரும். போன தீவாளியிலேருந்தே. பாதம் ரெண்டும் ஐஸ் மாதிரி. படுக்கிறப்பவும் கால்ல கம்பளி மேஸ் போட்டுக்குவாரு. காலையில தலைவலி."

டொக்டர் எழுதிக்கொண்டே போனார். "நல்லாக் கவனிச்சிருக்கீங்க. இது ரொம்ப உதவும்."

கவனித்தேனா! ஒவ்வொன்றும் நான் கேலி செய்தது. அதனால்தான் ஞாபகம்.

டொக்டர் போனபின் இவர் என் கையைப் பிடித்தார். "இவ்வளவும் பாத்து வச்சிருக்கியே." முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 4
கண்டி. ஸ்கேன். சுருக்கம் உறுதி. தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூனால் விரித்து, உள்ளே கம்பிவலை வைப்பார்களாம். அதுவரை பாரம் தூக்கக் கூடாது. மாத்திரை தவறக் கூடாது. உப்பு குறைக்க. கருவாடு, அச்சாறு நிறுத்தம்.

திரும்பி வரும்போது பார்வதி அக்கா (முன்பள்ளியில் எனக்கு உதவி): "என்னா டீச்சர், உங்க வீட்டுக்காரரு இப்ப வேலைக்கே போறதில்லையாமே? மேட்டுக்குப் பயந்தா?" என் வார்த்தைதான், தோட்டத்தையே சுற்றி வந்திருக்கிறது.

"அது வியாதி அக்கா. எனக்குத்தான் புரியல."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால் சொன்னது. ஒருத்தியிடம் திருத்தி என்ன?

செப்டம்பர் 23
கண்டி. நல்ல வெயில். முடிந்தது, நல்லபடியாக. பெரிய டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "மாத்திரை நாங்க சொல்ற வரைக்கும். வருஷா வருஷம் வரணும். சுகமாயிருச்சுன்னு வீட்ல இருந்துறாதீங்க." பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினேன்.

சாயந்தரம் இவரிடம் சொல்லிவிட்டேன். அன்று டொக்டரிடம் ஒப்பித்தது கவனிப்பு இல்லை, எல்லாம் கேலி என்று. கோபப்படட்டும் என்றுதான் இருந்தது. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "ஒரு நாளாச்சும் வலிக்குதான்னு நீ கேப்பேன்னு இருந்தேன். அவ்வளவுதான்."

நர்ஸ் மிஸ் வந்து நேரம் முடிந்தது என்றார். எழுந்தேன். போக முடியவில்லை. கேட்டேன்: "இப்ப வலிக்குதாங்க?"

ஒன்றுமில்லை என்பார் என்று நினைத்தேன். தொடைக் கட்டின் மேல் கையை வைத்தார்.

"ஆமா. வலிக்குது செல்வி."