அப்பாவுக்கு ஷேவ் பண்ணிவிடு

அண்ணா,

மாடிக்கு வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், நீ திறக்கவில்லை. அதனால் இந்தச் சீட்டைக் கதவடியில் செருகுகிறேன். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. தாடி வளர்ந்துவிட்டதால் ஆக்ஸிஜன் மாஸ்க் முகத்தில் ஒட்டாமல் ஓரத்தில் காற்று கசிகிறது. "உடனே ஷேவ் பண்ணிடுங்க, இல்லன்னா ஆஸ்பத்திரிதான்" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார். சிலிண்டர் மதியம் வரைதான் தாங்கும். வேறொன்று தேடி ஓடுகிறேன். கீழே அப்பா தனியாக இருக்கிறார்.

ஷேவிங் மிஷினைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருடைய பழைய பித்தளை ரேசர்தான் வேண்டுமாம். குளியலறை அலமாரியில் இருக்கிறது. கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை இரண்டாகத் திறக்கும், புது பிளேடை வைத்து இறுக்கு. முதலில் வெந்நீர்த் துண்டைக் கன்னத்தில் வை. அழுத்தாதே, ரேசரின் கனமே போதும். நடுநடுவே மாஸ்க்கை மாட்டிவிடு.

காலையில் நான் முயன்று தாடையைக் கீறிவிட்டேன்.

வாசலைப் பூட்டாதே, நர்ஸம்மா திரும்ப வருவார். பாலைச் சுடவைத்துக் கொடு.

இன்னொன்று. "அவரா கூப்பிட்டாதான் வருவேன்" என்றாயே. கூப்பிட்டார் அண்ணா. மூன்று நாளாக, "பெரியவன் எங்கே? அவன் பண்ணட்டும்" என்கிறார். உன்மேல் இருந்த கோபத்தில் நான்தான் வந்து சொல்லவில்லை. என்னை அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இப்போது போய் அவர் பக்கத்தில் உட்கார்.